வங்கதேசத்தில் நான் சுக்கு விற்ற விதம்

நெரிசல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரி ஜெட்டியில் காலைப் படகைப் பிடித்து, ஒரு கை யாரோ ஒருவரின் குடையிலும் மறு கை இன்னொருவரின் கோழிக்கூடையிலும் மாட்டிக்கொள்ள, அப்படியே எறணாகுளம் போய் வியாபாரம் பேசித் திரும்பியவன் நான். கலூர் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன். அப்படிப்பட்டவனையே மலைக்க வைத்த தேசம் ஒன்று உண்டு. அது வங்கதேசம். அங்கே போய், மொழி தெரியாமல், சுக்கு விற்றுவிட்டு வந்தவன் எங்கள் கடைத்தெருவில் நான் ஒருவன்தான். இதைப் பலர் பலவிதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மீதிப் படிப்பைச் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து பேப்பர் வாசித்து முடித்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, மட்டாஞ்சேரியில் மூட்டை சுமந்து, மூட்டை சுமந்த அதே தெருவில் சொந்தமாகச் சரக்குக் கிட்டங்கி வைத்தேன். சுக்கை மோந்து பார்த்து அது எந்த மலையில் விளைந்தது என்று சொல்லுவேன். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டால் மட்டும்தான் சொல்வேன். ஆனால் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் சுக்கு விலை ஏறப்போகிறது என்று என் மூக்குக்குத் தோன்றியது. மலையிலிருந்து இறங்கிய சரக்கையெல்லாம் வாங்கிக் கிட்டங்கியைக் கூரை வரைக்கும் நிரப்பினேன். வழக்கமாக வாங்குகிற அரபிக்கார வியாபாரி இந்த வருஷம் வேண்டாம் என்று தந்தி அடித்துவிட்டார். அப்போது மேட மாதம், அதாவது சித்திரை, முடிகிற சமயம். அடுத்து வைகாசி நடுவில் இடவப்பாதி மழை. மழை இறங்கினால் கிட்டங்கிக்குள் ஈரம் ஏறும், ஈரத்தோடு வண்டு ஏறும், வண்டு ஏறிய சுக்கு சல்லடைதான். என் அத்தனை வருஷ உழைப்பும் அந்தக் கூரைக்குக் கீழே இருந்தது.

பக்கத்துக் கிட்டங்கிக்காரர் வர்கீஸ் சேட்டன் சாயாக்கடையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "அண்ணாச்சி இந்த வருஷம் நடத்தறது சுக்குக் கச்சவடம் இல்ல. வண்டு வளர்ப்பு."

"மழைக்கு முன்னால வெளிநாட்டுல வித்துக் காட்டறேன், இருந்து பாரும்" என்றேன்.

எந்த வெளிநாடு என்று அப்போது எனக்கே தெரியாது. அன்று சாயங்காலம் ஒரு குஜராத்தி சேட்டு, டாக்காவில் மசாலா நன்றாகப் போகிறது என்று சொன்னார். அதனால் டாக்கா.

என் மனைவி பாக்கியமும் கூட வந்தாள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் மட்டாஞ்சேரி. அவள் அப்பா எங்கள் கடைத்தெருவில் பெரிய தரகர். "நீங்க தனியாப் போனா சுக்கையும் கொடுத்து, கிட்டங்கிச் சாவியையும் கொடுத்துட்டு வருவீங்க. நானும் வரேன்" என்றாள். எட்டாம் வகுப்பு படித்த திமிர் அது. சரி, பெட்டி தூக்க ஆள் வேண்டுமே என்று சம்மதித்தேன். பெட்டியை நான்தான் தூக்கினேன்.

விமானத்திலிருந்து பார்த்தபோது கீழே தேசம் இல்லை. தண்ணீர்தான் இருந்தது. தண்ணீருக்கு நடுவே அங்கங்கே பச்சையாகக் கொஞ்சம் தரை, அந்தத் தரையிலும் குளம். இமயமலையிலிருந்து இறங்குகிற பெரிய ஆறுகளெல்லாம் கடலுக்குப் போகிற வழியில் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் அந்த நாடாம். நம் கொச்சிப் பக்கத்துக் கும்பளங்கித் தீவை எடுத்து, சப்பாத்திக் கட்டையால் ஒரு நாள் முழுக்கத் தேய்த்துப் பரப்பினால் எப்படியிருக்கும், அப்படி.

"இங்க மலை எங்க இருக்கு?" என்று பாக்கியம் கேட்டாள்.

"எல்லாம் பின்னால இருக்கும்" என்றேன். இருந்ததாகத்தான் பிறகு சொன்னார்கள், கிழக்கு மூலையில் கொஞ்சம். நாங்கள் போன பக்கமெல்லாம் ஒரு கூழாங்கல் கூடக் கிடையாது. வெயிலில் குடையைக் கட்டி அதன் கீழே உட்கார்ந்து பெண்கள் நல்ல செங்கல்லைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டால், ஜல்லிக்குக் கல் கிடையாது, செங்கல்லைச் சுட்டு உடைத்துத்தான் ரோடு போட வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் மலையை உடைத்து வீடு கட்டுகிறோம். அவர்கள் மண்ணைக் கல்லாக்கி, கல்லைத் திரும்பவும் உடைக்கிறார்கள். பொறுமை இல்லாதவன் அந்தத் தேசத்தில் பிறக்கவே முடியாது.

விமான நிலையத்திலிருந்து பழைய டாக்காவுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் வேட்டி போய்விட்டது. ஊர் எல்லை வரை காரில் வந்து, குறுகிய தெருக்களுக்குள் சைக்கிள் ரிக்ஷாவுக்கு மாறினோம். ரிக்ஷா ஒவ்வொன்றும் கல்யாண வீடு மாதிரி. பின்பக்கம் மயில், தாமரை, சினிமாக்காரி, ஆகாய விமானம் எல்லாம் வரைந்திருக்கும். அப்படி ஆயிரக்கணக்கில் ஒரே தெருவில் நெருக்கி நின்றன. எங்கள் சக்கரம் பக்கத்து ரிக்ஷாவின் சக்கரத்தோடு கோத்துக்கொண்டது. அதைப் பிரிக்கிற சமயத்தில் என் வேட்டி நுனி சக்கர ஆரத்துக்குள் போனது. ரிக்ஷாக்காரர் மரியாதையாக ஒரு மிதி மிதித்தார். பாதி வேட்டி அங்கேயே நின்றது, மீதியும் நானும் கொஞ்ச தூரம் போனோம்.

உடனே கூட்டம். அந்த ஊர்ச் சட்டம் இதுதான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்: நடக்கிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள், நின்றவனைச் சும்மா விட மாட்டார்கள். கோபம் யாருக்கும் இல்லை. ஒருவர் என் பெயரைக் கேட்டார். ஒருவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இன்னொருவர் தலையிலிருந்த மூட்டையை இறக்கி, கட்டம் போட்ட லுங்கி ஒன்றை உருவி நீட்டினார். விற்கிறவர்தான். பிறந்ததிலிருந்து சேராத கூட்டம் எனக்குச் சேர்ந்திருந்த அந்த இடத்தில், பாக்கியம் சேலைத் தலைப்பை விரித்துப் பிடிக்க, நான் லுங்கி கட்டினேன்.

"போதும் நின்னது. இனி ரெண்டு நிமிஷம் நின்னா உங்களை எலெக்‌ஷன்ல நிறுத்திடுவாங்க" என்றாள்.

லுங்கி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, தோளில் ஈரிழைத் துண்டு, கையில் சுக்கு சாம்பிள் பை. அங்கே இருந்த நாள் முழுக்க என் வேஷம் அதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலிஷ் மீன். கடுகெண்ணெயில் கடுகையே அரைத்து ஊற்றிச் சமைக்கிறார்கள். ருசி என்றால் ருசி, நம் கரிமீன் கொஞ்சம் தலைகுனிய வேண்டியதுதான். ஆனால் அது மீனுக்குள் முள் இருக்கிற ஜாதி இல்லை, முள்ளுக்குள் மீன் இருக்கிற ஜாதி. மேஜைக்கு மேஜை எல்லோரும் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, வாயின் ஓரத்திலிருந்து முள்ளை வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். நான் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன். பாக்கியம் அந்த மீனை ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் மொத்தக் கடைத்தெருவுக்குப் போனேன். அந்த மிளகாய் நெடியில் எனக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பெரிய கடையாகப் பார்த்து ஏறினேன். கடைக்காரர் ஒரு ஹாஜி. மருதாணி போட்ட சிவப்புத் தாடி, நல்ல தொந்தி. உட்காரச் சொல்லி, பாகர்கானி என்று மொறுமொறுவென்ற ஒரு ரொட்டியும் சாயாவும் வரவழைத்தார். எனக்குச் சேட்டுமாரிடம் பழகிய கடைத்தெரு ஹிந்தி உண்டு. அவருக்கும் அதே ரகம். பழைய டாக்காக்காரர்களுக்கு அது ஓடும்.

இங்கே எங்கள் வியாபார முறையைச் சொல்லியாக வேண்டும். நான் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து எங்கள் கடைத்தெருவில் பெரிய சரக்குக்கு வாயால் விலை பேசுவது கேவலம். பேசினால் சுற்றியிருக்கிற அத்தனை பேருக்கும் விலை தெரிந்துவிடும். அதனால் சரக்கைக் கொட்டிக் காட்டுவோம். வாங்குகிறவர் சரக்கில் ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். பிறகு இரண்டு பேர் கையின் மேலும் தோள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலால் பேசுவோம். இந்த விரலைப் பிடித்தால் இவ்வளவு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் அவ்வளவு, உள்ளங்கையைச் சுரண்டினால் அரை, மணிக்கட்டைத் தட்டினால் முடிந்தது. வாய் மட்டும் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். இதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. விற்க வந்திருக்கிறேன் என்று முன்கூட்டிச் சொல்வது கூட எங்களுக்கு மரியாதைக் குறைவு.

ஆகவே நான் எதுவும் சொல்லாமல் சுக்கைக் கொட்டினேன். ஹாஜிக்கு ஒரு சுக்கை எடுத்துக் கொடுத்து, கடிக்கும்படி சைகை காட்டினேன். கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல சரக்கு, வரத்தான் செய்யும். தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கையின் மேல் போட்டேன். என் கையை உள்ளே விட்டு, விரலைப் பிடித்து, என் விலையைச் சொன்னேன்.

ஹாஜி கண்ணை மூடிக்கொண்டார். நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். அவர் பெருமூச்சு விட்டார். உள்ளங்கையைச் சுரண்டினேன். அவர் வாயைத் திறந்து, நாக்கை முழுசாக வெளியே நீட்டினார்.

முப்பது வருஷ வியாபாரத்தில் என் விலைக்கு ஒருவர் நாக்கை நீட்டியது அதுதான் முதல் தடவை.

"ராத்திரியில தூக்கம் இல்ல" என்றார் ஹாஜி, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு. "சாப்பிட்டா வயிறு கல்லு மாதிரி. சொல்லுங்க, என்ன வியாதி? நீங்க வேரைக் கடிக்கக் கொடுத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. துணி போட்டு நாடி பார்க்கிற வைத்தியரை எங்க தாத்தா காலத்துக்கு அப்புறம் யாரும் பார்த்ததில்ல."

அவர் சொல்லி முடிக்கவும், ஒரு ஏப்பம் விட்டார். கடைக்கு வெளியே நின்ற ரிக்ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். ஹாஜி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த ஏப்பம் அவருக்குள் ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும்.

நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, அந்த ஊர்ச் சட்டப்படி கூட்டம் சேர்ந்துவிட்டது. ஹாஜி எழுந்து, தென்னிந்தியாவிலிருந்து பெரிய வைத்தியர் வந்திருப்பதாக அறிவித்தார். ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். மஞ்சள் மண்டிக்காரர், பூட்டு ரிப்பேர்காரர், ஒரு போலீஸ்காரர்.

"வியாபாரத்துக்கு வந்தேன்னு சொல்லுங்க" என்று பாக்கியம் முதுகில் இடித்தாள்.

"பொறு ளா. இத்தனை பேர் ஆசையா வந்து நிக்காங்க."

"எந்தா ஆசை? அந்த ஆளுக்கு மூக்கு ஒழுகுது."

நான் துண்டைப் போட்டு ஒவ்வொரு கையாகப் பிடித்தேன். வைத்தியத்தில் நாடி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. துண்டுக்குள் போனால் என் விரல் சும்மா இருக்காது, அதற்குத் தெரிந்ததைத்தான் பேசும். அன்று டாக்காவில் எத்தனை பேர் கையில் என் சுக்கின் விலையைச் சொன்னேனோ. எல்லோருக்கும் ஒரே மருந்து: ஒரு துண்டுச் சுக்கு, தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துக் குடி. பை பாதியானது.

கூட்டம் கலைந்த பிறகு, விலைப் பேச்சை மெதுவாகத் தொடங்கினேன். ஹாஜி என் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகச் சொன்னார்: "நீங்க காசு கேட்காததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. மருந்துக்கு விலை சொல்ற வைத்தியன் கையில மருந்து பலிக்காது."

அவ்வளவுதான். கொச்சியில் கூரை வரைக்கும் மருந்து அடுக்கியிருக்கிறது, மழை வந்துகொண்டிருக்கிறது, நான் டாக்காவில் தர்ம வைத்தியன்.

அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, கடை அடைப்பு. ஊர் பார்க்கப் போனோம். ஒரு இடத்தில் வெள்ளைத் தூண்கள் தலை சாய்ந்த மாதிரி நின்றன. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்கள். கோயிலா என்று கேட்டேன். இல்லை, பாகிஸ்தானோடு சேர்ந்திருந்த காலத்தில், எங்கள் தாய்மொழியும் ஆட்சிமொழியாக இருக்க வேண்டும் என்று கேட்டுச் சுடப்பட்ட பையன்களுக்காகக் கட்டியது என்றார் எங்களைக் கூட்டிவந்த ரிக்ஷாக்காரர். பிறகு எழுபத்தொன்றில் பெரிய சண்டை நடந்து தேசமே தனியாகப் பிரிந்தது. அதன் விதை இங்கேதான் என்றார். தன் அண்ணன் அந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை என்பதை, இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நானும் செருப்பைக் கழற்றினேன். பாக்கியம் மெதுவாகச் சொன்னாள்: "நம்ம பையன்களுக்கு நீங்க தமிழ்ல எழுதற கடுதாசி படிக்க வராது. மலையாளத்துல எழுதச் சொல்றாங்க."

அன்று மத்தியானம் முழுக்க நான் பேசவில்லை. அவள் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் விடியும்போதே ஹாஜி வந்துவிட்டார். மேக்னா ஆற்றுக்கு அப்பால் கிராமத்தில் அவருடைய அக்கா இருக்கிறாராம். முழங்கால் வலி. வைத்தியர் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

எனக்குப் போக விருப்பமில்லை, ஆனாலும் கிளம்பினேன். துறைக்குப் போகிற வழியில் அவரே ஒரு விஷயத்தைச் சொன்னார்: "கடை என் பேருல இருக்கு. முதல் எல்லாம் அக்காவோடது. அவ தலையாட்டாம ஒரு மூட்டை உள்ளே வராது." இதைக் கேட்டதும் எனக்கு அந்த அம்மாளின் முழங்கால் மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது.

நதித்துறையில் நூற்றுக்கணக்கில் படகுகள். நாங்கள் ஏறிய லாஞ்சில் மூன்று தட்டு. மூன்றிலும் ஆள், ஆளுக்கு மேல் மூட்டை, மூட்டைக்கு மேல் ஆடு. எங்கள் மட்டாஞ்சேரிப் படகைக் கொண்டுபோய் அதற்குள் வைத்திருந்தால் யாராவது அதன் மேல் உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் பாக்கியத்தைக் கண்டதும் இரண்டு குடும்பம் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டது. அந்த இடத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கரையில் மூங்கிலைக் கட்டித் தண்ணீரில் இறக்கித் தூக்குகிற வலைகளைப் பார்த்து, "நம்ம ஃபோர்ட் கொச்சி வலையோட தம்பி" என்று பாக்கியம் கை காட்டினாள்.

வழியில் ஹாஜியிடம் உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தேன். "ஹாஜி சாகிப், நான் வைத்தியன் இல்லை. சாதாரண வியாபாரி."

அவர் என் தோளைத் தட்டினார். "பெரியவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. என்ன அடக்கம் உங்களுக்கு."

அடக்கம் என்று என்னை வாழ்க்கையில் ஒருவர் சொன்னது அதுதான். மறுக்க மனசு வரவில்லை.

அப்போது லாஞ்சு தடாலென்று நின்றது. ஆடுகள் முன்னால் போயின. மணல்திட்டில் ஏறிவிட்டோம். நான் மேலே போய் லாஞ்சு ஓட்டுகிறவரிடம் கேட்டேன், இத்தனை வருஷம் ஓட்டுகிறீர், வழி தெரியாதா என்று. ஹாஜி அதை அவர் மொழியில் மாற்றிச் சொன்னார். "போன மாசம் இங்கே ஆறு இருந்தது" என்றார் அவர், நிதானமாக. அந்த நாட்டில் ஆறு வீடு மாறிப் போகும். வயலை விழுங்கி, வேறு இடத்தில் வயலைக் கக்கும். ஒரு பயணி தன் தாத்தாவின் வீடு இருந்த இடம் என்று நடு ஆற்றைக் காட்டினார். புதிதாக முளைத்த அந்தத் திட்டில் அதற்குள்ளேயே ஒருவர் நான்கு மூங்கில் நட்டுத் தர்ப்பூசணி போட்டிருந்தார். எங்கள் சத்தத்தைக் கேட்டு வந்து, பழம் விற்றார்.

ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் சாக்கு சுமந்த உடம்பு. மற்றவர்கள் தள்ளியபோது அசையாத லாஞ்சு, நான் தோள் கொடுத்து ஒரு முக்கு முக்கியதும் நகர்ந்தது. இதற்குச் சாட்சி நூற்றுக்கணக்கான பேர்.

"நீங்க தள்ளினதுனால இல்ல. வேலியேற்றம் வந்திருச்சு, கடல் தண்ணி பொங்கிருச்சு" என்றாள் பாக்கியம். கொச்சியில் பிறந்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் கடல்தான் காரணம்.

ஹாஜியின் அக்கா வீடு தகரக் கூரை, சுற்றிலும் வாழை, பின்னால் குளம். அக்கா பெரிய உடம்பு, கனத்த குரல். வெற்றிலை போட்ட வாயோடு, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வைத்தியர் வந்திருக்கிறார் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. முற்றம், வாசல், குளத்துப் படிக்கட்டு, மாமரக் கிளை எல்லாம் ஜனம். ஹாஜி என் துண்டை வாங்கி, தானே அக்காவின் கை மேல் மரியாதையாகப் போட்டார். நான் பகவானை வேண்டிக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.

சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை. என் விரல்தான். பழக்கம். அது அந்த அம்மாளின் விரலைப் பிடித்து, சுக்கின் விலையைச் சொல்லிவிட்டது.

உடனே துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. என் விரல் ஒன்றை மடக்கி, உள்ளங்கையில் ஒரு சுரண்டல். என் விலையில் அரைவாசிக்குக் கீழே.

எனக்கு வியர்த்துவிட்டது. என்னை மறந்து கொஞ்சம் இறங்கினேன். அந்தப் பக்கம் அசையவில்லை. இன்னும் இறங்கப் போனபோது அக்கா வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு, முற்றம் அதிரச் சிரித்தார். ஹாஜியிடம் நீளமாக ஏதோ சொன்னார். ஹாஜியின் முகம் தாடியின் நிறத்துக்கு வந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"எங்க மச்சான் மாட்டு வியாபாரி. சந்தையில துணிக்கு அடியில இப்படித்தான் விரல் பிடிச்சு விலை பேசுவாராம். அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கார்." ஹாஜி தாடியைத் தடவிக்கொண்டார். "இந்த ஆளு வைத்தியன் இல்ல, எதையோ விக்க வந்திருக்கான், நீ அவனுக்கு நாக்கை நீட்டினியா-ன்னு கேக்கறா."

அதை அக்காவே கூட்டத்துக்கும் எடுத்துச் சொல்லிவிட்டார். மாமரத்திலிருந்து ஒருவர் சிரித்து விழுந்தார். அடி ஒன்றும் இல்லை, கீழே விழ இடமில்லை, ஜனங்கள் மேல் விழுந்தார்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அக்கா என் பையைக் கேட்டு வாங்கி, சுக்கை எடுத்து மோந்து, உடைத்து, நார் பார்த்து, கடித்தார். முறையாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். எனக்கே மரியாதை வந்தது. பிறகு ஏதோ சொன்னார். ஹாஜி மாற்றிச் சொன்னார்: "சரக்கு நல்ல சரக்காம். ஆனா வைத்தியன்னு நினைச்சுத்தான் கையைக் கொடுத்தாளாம். வியாபாரின்னா, வேத்து ஆம்பிளை கையைப் பிடிக்க மாட்டாளாம். உங்க சம்சாரத்தை வரச் சொல்றா."

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

பாக்கியம் ஏற்கெனவே கட்டிலில் போய் உட்கார்ந்திருந்தாள். "எங்க அப்பா யாருன்னு மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அக்கா தன் சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு பேர் கையின் மேலும் போட்டார்.

அந்த முற்றத்தில் அத்தனை ஜனமும் மூச்சு விடாமல் பார்த்தது. நானும் ஹாஜியும் வெளியே நின்றோம், பிரசவ அறை வாசலில் நிற்கிற மாதிரி. பாக்கியத்துக்கு வங்காளம் தெரியாது. அந்த அம்மாளுக்குத் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. வாய் மட்டும் பேசியது. இவள் குளத்தைப் பார்த்து, "நல்ல வாழை. எங்க ஊர்லயும் இது உண்டு" என்றாள். அந்த அம்மாள் வானத்தைக் காட்டி ஏதோ சொன்னார். துணிக்குள் என்ன நடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். முழங்கை அசைவதை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கடைத்தெருவில் முழங்கையைப் பார்த்து விலையைச் சொல்லுகிற ஒரே ஆள் நான்தான். அன்று ஒன்றும் புரியவில்லை. அவள் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

ஒரு தடவை பாக்கியம் கையை உருவிக்கொண்டு எழுந்தேவிட்டாள். எனக்கு உயிர் போனது. மழை, வண்டு, வர்கீஸ் சேட்டன் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. "உக்காரு ளா, தாயே" என்று கெஞ்சினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மறுபடியும் துணி. கடைசியில் துணிக்குள் இரண்டு தட்டு கேட்டது. அக்கா தலையாட்டினார். கூட்டம் கை தட்டியது, எதற்கென்று தெரியாமலே.

"கிட்டங்கி முழுசும். மழைக்கு முன்னால ஏத்தணும்" என்றாள் பாக்கியம், இறங்கி வந்து.

"என்ன விலை?"

"ஊருக்குப் போயிச் சொல்றேன்."

"ஏளா, சரக்கு என்னுது."

"வாயும் உங்களுது. இங்க சொன்னா லாஞ்சுல இருக்கற ஆடு வரைக்கும் தெரியும். சரக்கு கப்பல் ஏறட்டும்."

ஹாஜியைப் பார்த்தேன். அவரும் அக்காவிடம் கேட்டுத் திட்டு வாங்கிவிட்டு வந்திருந்தார். வாங்குகிற கடைக்காரருக்கும் விலை தெரியாது, விற்கிற முதலாளிக்கும் விலை தெரியாது. இரண்டு பேரும் குளக்கரையில் உட்கார்ந்து தயிரில் வெல்லம் போட்டுச் செய்த ஒரு பதார்த்தத்தைச் சாப்பிட்டோம். அவருக்கு மறுபடியும் வயிறு கல்லு மாதிரி ஆகிவிட்டது என்றார். கையில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு சுக்கைக் கொடுத்தேன்.

திரும்பி வந்து, எறணாகுளத்தில் மட்டாஞ்சேரிப் படகில் ஏறியபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. காற்றில் மழை வாசம். ஜெட்டியில் வர்கீஸ் சேட்டன் நிற்பார். எத்தனைக்கு விற்றீர் என்றுதான் முதலில் கேட்பார். நான் என்ன சொல்வது?

"பாக்கியம், இனி அஞ்சு நிமிஷத்துல இறங்கணும். என் மானத்தைக் காப்பாத்து" என்றேன்.

படகில் வழக்கம்போல நெரிசல். டாக்காவைப் பார்த்துவிட்டு வந்ததால் எனக்கு அது மைதானம் மாதிரி இருந்தது. பாக்கியம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். சேலைத் தலைப்பை எடுத்து என் கையின் மேல் போட்டாள். உள்ளே கையை விட்டு ஒரு விரலைப் பிடித்தாள். பிறகு இரண்டைச் சேர்த்து. பிறகு உள்ளங்கையில் ஒரு சுரண்டல். கடைசியாக மணிக்கட்டில் ஒரு தட்டு.

நான் டாக்காவில் வாய் விட்டுக் கேட்கப் பயந்த விலைக்கும் மேலே இருந்தது அது. கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பெருமூச்சு வந்தது. அதன் பின்னாலேயே, நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள், வாய் திறந்து நாக்கு முழுசாக வெளியே வந்துவிட்டது.

எதிர் பெஞ்சில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பாக்கியத்தின் முன்னால் நீட்டினார்.

"சேச்சி, எனக்கும் கொறச்சு வயித்துல கேஸு உண்டு. ஒன்னு பாக்கலாமா?"